ஒன்பது கிலோமீட்டர் தண்ணீர்

நீங்கள் கொடுத்த தேநீர் நன்றாக இருந்தது, ஐயா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. என்னை வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டீர்கள். போவதற்குள் உங்கள் விசாரணை அறிக்கையில் ஒரு பிழையைத் திருத்தியாக வேண்டும்.

துறைமுகத்தின் அளவைப் பிரிவில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். கடல்நீர் வளைந்திருக்கிறது என்ற கணக்கே தவறு என்று ஒருநாள் எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அலுவலகத்தில் என் பெயர் ‘தட்டை’. ஆறே மாதத்தில் வேலையும் போயிற்று. மனைவி முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினாள். மூன்று முறை அளந்து பார்த்தேன். ஒருமுறை மூடுபனி, இருமுறை அலை. நான்காவதும் கெட்டால் நானே கடலில் இறங்கிவிடுவது என்றிருந்தேன்.

என்னை நம்பிய ஒரே ஆள் என் மனைவியின் தம்பி. படகு மோட்டார் பழுது பார்ப்பவன்.

“அக்கா கிடக்கட்டும் அத்தான். நீங்க அளந்து காட்டுங்க, நான் படகுல அளவுப் பலகையைப் பிடிக்கிறேன்” என்றான்.

மிதவைச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னது நான்தான். பலகையின் சிவப்புக் கோடுகளோடு அதன் நிறம் குழம்பும்.

ஒன்பது கிலோமீட்டர் தள்ளி வளைகுடாவில் படகை நிறுத்தினான். கரையில் தொலைநோக்கியோடு நான். கடல் வளைந்திருக்கிறது என்ற கணக்கு சரியென்றால் படகும் அதில் உட்கார்ந்திருப்பவனும் நீர்விளிம்புக்குக் கீழே மறைந்து, பலகையின் மேல்பாதி மட்டும் தெரிய வேண்டும். எனக்குப் படகின் அடி வரைக்கும் தெரிந்தது. 

அப்போது கைபேசியில் கூப்பிட்டான். “தண்ணி உள்ள வருது அத்தான். யாரையாவது அனுப்புங்க.”

“பத்து நிமிஷம் சமாளிடா. பலகை சாயாமப் பாத்துக்க.”

மீட்புப் படகு நிலையம் எனக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் இருந்தது. கால் மணி நேரத்தில் அவனிடம் போய்ச் சேர்ந்திருப்பார்கள். ஆனால் அந்தப் படகு கிளம்பினால் நீர் கலங்கும், அளவு கெடும்.

ஏழு ஐம்பதுக்குப் படகு கவிழ்ந்தது. எட்டு ஐந்துக்குத் தலையும் ஒரு கையும். எட்டு இருபதுக்குத் தலை மட்டும். எட்டு இருபத்தாறுக்கு வெறும் நீர். ஒவ்வொன்றையும் கோணம் பார்த்துக் குறித்துக்கொண்டேன். அவ்வளவு சுத்தமான அளவுகள் எனக்கு அதுவரை வாய்த்ததில்லை.

அவ்வளவு தூரத்தில், தண்ணீரில் கிடந்தவனை என்னால் பார்த்திருக்கவே முடியாது என்கிறார் உங்கள் நிபுணர். ஏதாவது தெரிந்ததென்றால், குளிர்ந்த நீர்மேல் வெதுவெதுப்பான காற்று நின்றதால் ஒளி வளைந்து, கீழே இருப்பதைக் கானல் தூக்கிக் காட்டியிருக்கும். எது நிஜம் என்று யாருக்கும் தெரிந்திருக்காது என்கிறார். என் மனைவியும், “தெரிஞ்சிருந்தா அவர் விட்டிருப்பாரா?” என்று உங்களிடம் அழுதாளாம்.

எனக்குத் தெரிந்தது, ஐயா. அவன் கரையைப் பார்த்துத்தான் கையை ஆட்டினான். முப்பத்தாறு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்து, அவனைச் சாகவிட்டேன். அப்படியே எழுதுங்கள், என்ன தண்டனை கொடுத்தாலும் கையெழுத்துப் போடுகிறேன். கானல் என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். அது இருந்தால், பாவம், அந்தப் பிள்ளை வீணாகச் செத்ததாகிவிடும்.