சோளக்குழி லாந்தர்

அந்த லாந்தரைத் திருப்பித் தரும்போது அடியில் இருக்கும் பொத்தானை அணைத்துவிட்டுத் தாருங்கள். பாட்டரிக் கட்டை வீணாகிறது. எந்தப் பொருளை எடுத்தாலும் வேலை முடிந்ததும் இருந்த இடத்தில் இருந்தபடி வைத்துவிட வேண்டும். எங்கள் மியூசியத்தில் அதுதான் வழக்கம்.

நீங்கள் ஒருமுறை அங்கே வந்திருக்கிறீர்கள், மதிவதனி மேடம். அன்று இன்ஸ்பெக்டராக வரவில்லை. உங்கள் மகளின் பள்ளிப் பிள்ளைகளோடு வந்தீர்கள். அன்னூருக்கு வடக்கே எங்கள் குடும்பத்தின் பஞ்சுக் கிடங்கைச் சுத்தம் செய்து நான் நடத்துகிற மியூசியம் அது. கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைத்த தோல்பை, பவானி ஜமக்காளம், மாட்டுக் கழுத்து மணிகள். பிள்ளைகள் எதன் முன்னாலும் அதிக நேரம் நிற்பதில்லை. முற்றத்துச் சோளக்குழிக்குத்தான் ஓடுவார்கள்.

அதை நான் விளக்கியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆள் நுழையும் அளவு வாய். உள்ளே ஒரு சின்ன அறை அகலத்துக்கு வயிறு. சுற்றிலும் வைக்கோல் கொடுத்துச் சோளத்தைக் கொட்டி, மூடுகல்லை நகர்த்தி, மண் பூசிவிட்டால் வருஷக்கணக்கில் கெடாது. கெடுவது உள்ளே இருக்கும் காற்றுதான். அதனால் குழியைத் திறந்தவுடன் யாரும் இறங்கமாட்டார்கள். காற்றாட விட்டு, கயிற்றில் லாந்தரைக் கட்டி இறக்குவார்கள். சுடர் அணைந்தால் இறங்கக் கூடாது. அணையாவிட்டால் இறங்கலாம். நான் லாந்தரை இறக்கும்போது பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அணையவில்லை. கை தட்டினார்கள். நீங்களும் தட்டினீர்கள்.

மண்ணெண்ணெய் விளக்கைப் பிள்ளைகள் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று ஓர் ஆசிரியை சொல்லியிருந்தார். நியாயமான பேச்சு. கோயம்புத்தூரில் கொடுத்துத் திரியை எடுத்துவிட்டு, சுடர் போலவே நடுங்குகிற சின்ன பல்பைப் பொருத்தினேன். கண்ணாடியில் கரி பூசியது நான். பார்க்கிற யாருக்கும் வித்தியாசம் தெரிந்ததில்லை. பகல் வெளிச்சத்தில் தெரியவே தெரியாது.

குழிக்குப் பக்கத்தில் ஓர் அட்டை இருக்கிறது. மழை பொய்த்த காலத்தில் என் தாத்தா கெங்குசாமி தன் குழியைத் திறந்து ஊருக்கெல்லாம் சோளம் அளந்தார் என்று அதில் எழுதியிருக்கிறேன். அதில் பொய் இல்லை. அளந்தார். வாங்கித் தின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். கோயில் நோன்புத் திருவிழாவில் எங்கள் வீட்டுக்கு முதல் மரியாதை வருவது அதனால்தான். மியூசியம் நிற்பதும் அந்த அட்டையின் மேல்தான்.

எங்களிடம் கூட்டித் துடைக்கிறவள் பழனாத்தாள். அவளைத்தான் நீங்கள் முதலில் விசாரித்தீர்கள். மியூசியம் திறந்த நாளிலிருந்து வருகிறாள். அவளுடைய அப்பா நஞ்சான் எங்கள் பண்ணையாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே அவன் வால்பாறை எஸ்டேட்டுக்கு ஓடிப்போனதாக ஊரில் சொல்வார்கள். பழனாத்தாள் முற்றம் முழுக்கக் கூட்டுவாள். மூடுகல்லை மட்டும் மிதிக்கமாட்டாள். சுற்றிக்கொண்டு போவாள். மரியாதை என்று நினைத்தேன்.

தவறு எங்கே நடந்தது என்று கேட்டீர்கள். கண்ணாடிப் பெட்டியில் நடந்தது.

தாத்தா பிற்பாடு அந்தக் குழியை மண் போட்டுத் தூர்த்துவிட்டார். மியூசியத்துக்காக நான் அதை மறுபடி தோண்டினேன். அடித்தரை தட்டுப்பட்டதும் ஆட்களை அனுப்பிவிட்டு நானே இறங்கினேன். அங்கே ஒரு செம்புக் காப்பு கிடைத்தது. முனை இரண்டும் பாம்புத் தலை, நடுவில் உளியால் வெட்டிய மூன்று கோடு. நல்ல வேலைப்பாடு. கிடைத்ததை ஒளித்துவைக்க எனக்கு வராது. சேகரிக்கிறவர்களுக்கு அது முடியாத காரியம். புளி போட்டுத் தேய்த்துக் கண்ணாடிக்குள் வைத்தேன். 'பண்ணையாட்கள் அணிந்த காப்பு' என்று எழுதினேன்.

அந்தக் கண்ணாடியைத் தினமும் துடைத்தவள் பழனாத்தாள். அவள் கையிலும் ஒரு காப்பு கிடந்தது. அதை நான் பார்த்ததில்லை. சம்பளம் கொடுத்திருக்கிறேன், காப்பி டம்ளர் கொடுத்திருக்கிறேன், அவள் கையைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

பார்த்தவன் உதய். அவளுடைய அண்ணன் மகன். கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தான். மில்லிமீட்டரில் பார்க்கிற கண். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வந்தவன், அவள் வேலையை முடிக்கட்டும் என்று காத்திருந்தான்.

"அத்தே, கைய எடுக்காத. அப்பிடியே வெய்யி," என்றான்.

கண்ணாடிக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. பாம்புத் தலை, மூன்று கோடு.

பழனாத்தாள் கையை எடுத்துக்கொண்டாள். "தெரியுங்கண்ணு," என்றாள். "தொடைக்கறவ நாந்தானே."

உதய் என்னிடம் சண்டை போடவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். மறுவாரம் தனியாக வந்தான். ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தான்.

"ஏனுங்கய்யா, இதுல உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க. உங்க தாத்தா காலத்துச் சமாச்சாரம். அத்தையோட அப்பன், எங்க அப்பாரு, அந்தக் குழிக்குள்ள எறங்குனாரு, மேல வல்லைன்னு அப்பத்தா சாகறப்ப அத்தைகிட்டச் சொல்லிச்சுங்களாமா. எலும்பு ஏதாச்சும் கெடந்தா எடுத்துக்கறேனுங்க. ஆடி அமாவாசைக்குப் பவானி கூடுதுறையில கரைச்சுப்போட்டா அத்தைக்கு நெஞ்சு ஆறும்."

"ஊருக்குச் சொல்லுவீங்களா, தம்பி?"

"நானெதுக்குங்க சொல்றேன். கேஸு வேண்டாம், பேப்பரு வேண்டாம். ஆனா அத்தை எப்பிடியும் அழுவுமுங்க. கூடுதுறைக்கு ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வருவாங்க. யாருக்குன்னு கேட்டா என்னன்னுங்க சொல்றது? பொய் சொல்ல முடியாதுங்களே."

நியாயமான பையன். அவன் கேட்டது மிகக் குறைவு. நானும் பல நாள் யோசித்துப் பார்த்தேன். எலும்பு மேலே வந்தால் அட்டையை மாற்ற வேண்டும். அட்டையை மாற்றினால் குழி வேறு குழியாகிவிடும். பிள்ளைகளிடம் என்னவென்று சொல்லி லாந்தரை இறக்குவது?

நடந்தது என்ன என்பதை அப்பா ஒரே ஒருமுறை சொன்னார். அவர் அப்போது சிறுவன். மழை இல்லாத மூன்றாவது வருஷம். தாத்தா குழியைத் திறக்கவில்லை, விலை ஏறட்டும் என்று காத்திருந்தார். நஞ்சான் ஒரு மத்தியானம் கல்லை நகர்த்திவிட்டு இறங்கியிருக்கிறான். மடியில் சோளம் கட்டிக்கொண்டிருந்தபோது தாத்தா பார்த்துவிட்டார். கல்லைத் திரும்ப நகர்த்தி மூடிவிட்டார். தட்டுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது என்று அப்பா சொன்னார். மறுநாள் தாத்தா தோட்டத்து இன்னொரு குழியைத் திறந்து ஊருக்கெல்லாம் அளந்தார். நஞ்சானின் மனைவிக்கு எல்லோரையும் விட அதிகமாக அளந்தார். அளந்தது உண்மை. ஏன் அளந்தார் என்று எழுத அட்டையில் இடம் இல்லை.

தோண்டியபோது காப்போடு எலும்பும் இருந்தது. அதை மண் போட்டு மெழுகிவிட்டேன். எல்லாம் காட்சிக்கு உரியவை அல்ல.

உதயைக் கொஞ்ச நாள் தள்ளி ஒரு திங்கட்கிழமை வரச் சொன்னேன். அன்று எங்களுக்கு விடுமுறை. பழனாத்தாளும் வரமாட்டாள். அதற்கு முன் சில வாரங்கள் இருந்தன. குழியைச் சோளத்தோடு காட்ட வேண்டும் என்பது என் வெகுநாள் எண்ணம். ஒரு மூட்டைச் சோளத்தை ஊறவைத்துக் கொட்டி, கல்லை மூடி, மண் பூசினேன். ஈரச் சோளம் உள்ளே இருக்கும் காற்றைத் தின்றுவிடும் என்பது எங்கள் பக்கத்துக் குடியானவன் எவனுக்கும் தெரியும். லேத் பட்டறைக்காரனுக்குத் தெரிந்திருக்க நியாயம் இல்லை.

திங்கட்கிழமை காலையில் அவன் வந்தான். கையில் புதுத் துணிப்பை, களைக்கொத்து. நான் கல்லை நகர்த்தினேன். வாடை மேலே வந்தது.

"ஏனுங்க, உள்ள கள்ளு கிள்ளு ஊற வெச்சிருக்கீங்களா?" என்று சிரித்தான்.

"பழைய குழி அப்படித்தான், தம்பி," என்றேன்.

குழிக்குள் லாந்தர் இறக்குவதைக் காட்டிச் சுவரில் நான் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, அவனே கேட்டான்: "லாந்தர் உட்டுப் பாக்கோணுமல்லங்க?"

பார்க்க வேண்டும் என்றேன். எடுத்து வந்து, கயிற்றில் கட்டி, மெதுவாக இறக்கினேன். இருவரும் குனிந்து பார்த்தோம். கரி படிந்த கண்ணாடிக்குள் சுடர் நடுங்கியது. அணையவில்லை.

"நல்லா எரியுதுங்க," என்றான்.

நல்லாத்தான் எரிந்தது. நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. மூங்கில் ஏணியை வைத்தேன். செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு இறங்கினான். கோயிலுக்குள் போவதுபோல.

களைக்கொத்து மண்ணில் விழும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. "கெடைச்சிருச்சுங்க," என்றான். குரல் நன்றாக இருந்தது. "அத்தைகிட்டச் சொல்லோணுங்க." அதற்குப் பிறகு, "தலை கிறுகிறுங்குதுங்க, கொஞ்சம் கையக் குடுங்க," என்றான்.

ஏணி தாத்தா காலத்தது. அவன் தடுமாறிப் பிடித்ததில் ஒரு படி முறிந்தது. இன்னும் முறியாமல் இருக்க நான் ஏணியை மேலே எடுத்துவிட்டேன். இதை முன்பு உங்களிடம் சொல்லவில்லை. முக்கியம் என்று தோன்றவில்லை.

அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். ஐயா என்றுதான் கூப்பிட்டான், கடைசி வரை. திறந்திருந்தால் மேற்காற்று உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். மூடுகல்லை நகர்த்தி மூடினேன். இவ்வளவு கனமான கல்லைத் தாத்தா தனியாக எப்படி நகர்த்தினார் என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. முடிகிறது.

கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன். அப்பா சொன்ன சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அதன் பிறகு கல்லைத் திறந்து, ஏணியைப் பழையபடி வைத்து, ஊரைக் கூப்பிட்டேன். தீயணைப்பு வண்டி வந்தது. லாந்தர் எரிந்துகொண்டிருந்ததால்தான் இறங்கினான், பாவம் என்றேன். அவனைத் தூக்கியபோதும் அது அவன் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தது. நீங்கள் விபத்து என்று எழுதிக்கொண்டீர்கள். அப்போது வந்த யாரும் லாந்தரைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஒரு மூலையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

பழனாத்தாள் காரியம் முடிந்து வேலைக்கு வந்தாள். வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். முற்றத்தைக் கூட்டிக்கொண்டே வந்து, முதல்முறையாக மூடுகல்லின் மேல் ஏறி நின்றாள்.

"லாந்தரு அணையலைன்னு சொன்னீங்களாமா, சாமி."

"ஆமா, பழனா."

"அதெப்பிடிங்க அணையும். பாட்டரிக் கட்டை போட்டவ நாந்தானுங்களே."

அழவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, லாந்தரைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். உங்களிடம்தான் வந்திருக்கிறாள். அவள் வராவிட்டாலும் நானே வந்து சொல்லியிருப்பேன்.

சத்தம் இப்போது வருகிறது. பட்டப்பகலில், பிள்ளைகள் முற்றத்தில் நிற்கும்போதே வருகிறது. அவர்களுக்குக் கேட்கவில்லை. ஒருவர் தட்டுவது போல இல்லை. ஒருவர் தட்ட, இன்னொருவர் பதில் தட்டுவது போல இருக்கிறது. இதையும் எழுதிக்கொள்வதானால் எழுதிக்கொள்ளுங்கள்.

உதயை நான்தான் கொன்றேன். ஈரச் சோளம், லாந்தர், ஏணி, கல், நான்கும் என் கை. எலும்பு மேற்குச் சுவர் ஓரமாக இருக்கிறது. அவன் தோண்டிய இடத்திலேயே தோண்டுங்கள். பாதி வெளியே வந்திருக்கும், சரிந்த சோளம் மூடியிருக்கும். மெழுகிய தரையைப் பார்த்துத் தோண்டச் சொல்லுங்கள். கஷ்டப்பட்டு மெழுகியது.

ஒரே ஒரு விஷயம். கண்ணாடிக்குள் இருக்கும் காப்பையும் கூடுதுறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பழனாத்தாள் கேட்கிறாள் என்றீர்கள். அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். மியூசியத்துக்குள் வந்த பொருள் வெளியே போகக் கூடாது. அவள் கையில் இருப்பதையும் கழற்றிக் கொடுத்தால் ஜோடியாக வைத்துவிடலாம். நஞ்சான், பழனாத்தாள் என்று இருவர் பெயரையும் எழுதி, இருவரும் மனமுவந்து கொடுத்தது என்று நானே அட்டையில் எழுதித் தருகிறேன்.