வெட்டாத பக்கம்

சங்கரன்கோவிலில் திருநெல்வேலி பஸ் கிளம்பக் காத்திருந்தது. என் முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். இடது கன்னத்தில் ஆபரேஷன் தழும்போடு இருந்த அவர், புகையிலையைக் கிள்ளி வாயில் ஒதுக்கினார்.

“வாயில புத்துநோயின்னு வெட்டி வருசம் திரும்பல. மறுபடியுமா?”

“வெட்டுனது இடது பக்கம்லா. நான் வலது பக்கம்தான வைக்கேன்.”

“பொகையிலய விடலன்னா திரும்பவும் வரும்னு டாக்டர் சொன்னாவல்லா?”

“அது வெட்டுன பக்கத்துக்குத்தான்ட்டி.”

“எச்சி ஒரு பக்கமாவா நிக்கும்?”

அவர் நாக்கால் புகையிலையை வலது கன்னத்துக்குள் இன்னும் தள்ளிக்கொண்டார்.

“இந்தப் பக்கத்தையும் வெட்டிட்டா சோத்த எங்கன வச்சு மெல்லுவிய?”

கொஞ்ச நேரம் கழித்து அவர் சன்னலுக்கு வெளியே எட்டித் துப்பினார். அந்தம்மா கையை நீட்டினார்.

“பொட்டலத்தத் தாங்க.”

அவர் சட்டைப் பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

“இன்னைக்கு டாக்டர்ட்ட செக்கப்பு முடியட்டும். பொறவு தாரேன்.”