கறி வேகாத கடிதம்

அரிசிக்கு க்யூ நின்ற வருஷம். செஞ்சி தபாலாபீசில் கார்டு வாங்கவும் க்யூ. எனக்கு முன்னால் இரண்டு வாத்தியார்கள், ஒருவர் உள்ளூர், ஒருவர் அவலூர்பேட்டை. அவலூர்பேட்டைக்காரர் கையில், விக்டோரியா ராணி காலத்து எழுத்தாளர் ஒருவரின் கடிதப் புத்தகம்.

"பொண்ணு செத்து நாலு நாளுதான் ஆவுது. சிநேகிதனுக்கு எழுதறான், ஆட்டுக்கறி சரியா வேகலையாம். இவனெல்லாம் ஒரு தகப்பன்."

உள்ளூர் வாத்தியார் சிரித்தார். "உங்க நைனா தவறினப்ப நீ போட்ட கார்டு எங்கிட்ட இருக்குதுப்பா."

"சாவுக் கார்டைப் படிச்சதும் கிழிச்சிடணும். வீட்டுலயா வச்சிருக்கற?"

"மொளகா நாத்து கேட்டிருந்த. சைக்கிள் டயர் வெடிச்சதை எழுதியிருந்த. எருமை கன்னு போட்டதை எழுதியிருந்த. சரி, ஊர்க்கதைதானேன்னு கம்பியில குத்திட்டேன். போன வாரம் பழைய கடுதாசிங்களைக் கழிக்கறப்பதான் பார்த்தேன், ஓரத்துல பொடி எழுத்துல நைனா தவறின சேதி. கருமாதிக்கு வரலைன்னு மூணு வருஷமா குத்திக் காட்டறியே."

அவலூர்பேட்டைக்காரர் புத்தகத்தை மூடப் போனார்.

"அந்த வெள்ளைக்காரன் பொண்ணு செத்ததை எத்தனாவது வரியில எழுதியிருக்கான், பாரு."

அவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "மொத வரி."

ஜன்னல் வந்துவிட்டது. உள்ளூர் வாத்தியார் குனிந்து சொன்னார்: "இவருக்குக் கவரா குடுங்க சார். கார்டுல இடம் பத்தறதில்ல."