மகள் வீட்டுக்குக் கிட்ட ஒரு கரவான்

மோர்டென்ஸ்ருட் போகும் ரயிலில், முகக்கவசம் போட்ட ஒரு தமிழ்த் தம்பதி எனக்கு முன் இருக்கையில் இருந்தார்கள்.

“காருக்குப் பின்னாலை இழுத்துக்கொண்டு போற கரவானிலை போனால் ஒருத்தரும் எங்களை வீட்டுக்கை கூப்பிடத் தேவையில்லை,” என்றார் கணவர். அதற்குப் பிறகு நான் என் கைபேசியைப் பார்க்கவில்லை.

“லீவுக்கு அந்தப் பெட்டிக்கை போய்ப் படுக்கவோ?” என்றார் மனைவி.

“இந்தமுறை ஊருக்கும் போகேலாது. ட்ரொண்ட்ஹைமிலை பிள்ளையின்ரை வீட்டுக்குக் கிட்டக் கரவான் நிப்பாட்டுற இடம் இருக்கு. நீ உள்ளுக்கை நண்டுக்கறி வை. அவள் வந்து வெளியிலை இருந்து சாப்பிட்டுக் கதைச்சிட்டுப் போகட்டும்.”

“கொரோனாவாலை வரவேண்டாமெண்டு தானே சொன்னவள்?”

“ஓம். அதுக்குத்தான் கரவான்.”

ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது. மனைவி கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“வீட்டுக்கு ஆக்கள் வரலாமெண்டு போன கிழமை அரசாங்கம் சொல்லிட்டுதப்பா.”

“அவள் வேலையோடை நியூஸ் பாத்திருக்க மாட்டாள்.”

“அவள்தான் எனக்குச் சொன்னவள்.”

கணவர் முகக்கவசத்தை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

“அப்ப, எங்கள் ரெண்டு பேருக்கும் சின்னக் கரவானே காணும்.”