பார்க்கப் பெரிய கேமரா

“உங்க ஊட்ல ஒருத்தரும் பள்ளிக்கூடம் போனதில்ல. நீ ஆபீஸ்ல போயி இன்னா கிழிக்கப் போறே?” என்று எங்கள் தெருக்காரர் ஒருவர் முன்பு கேட்டார். இன்று அந்த ஆபீசின் கடிதங்களை நான்தான் எழுதுகிறேன். நேற்று மாலை வேலை முடிந்து கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறினேன். எதிரே, கழுத்தில் கம்பெனி அட்டையோடு இரண்டு பெண்கள்.

“கேமரான்னா பார்க்க பெருசா இருக்கணும், அவ்ளோதான்” என்றாள் ஒருத்தி.

“லூசாடி நீ? படம் எப்படி வருதுன்னு பாக்காம சைஸ பாக்குற!” என்றாள் தோழி.

“கடையில பெருசு, சின்னது ரெண்டுலயும் எடுத்துப் பார்த்தேன், படம் ஒரே மாதிரிதான் வருது. போன வாரம் சடங்கு ஊட்டுக்குப் படம் எடுக்க அண்ணனோட சின்ன கேமராவ எடுத்துக்கினு போனேன். ‘தள்ளும்மா, கேமராக்காரர் வரட்டும்’னுட்டாங்க. நான்தாங்க அதுன்னா சிரிக்கிறாங்க!”

“அப்போ அந்தப் பெரிய டிஎஸ்எல்ஆரே வாங்கு. கை வலிக்காது?”

“எட்டு மணி நேரம் இரும்பு தூக்குற கைடி இது! வாங்கிட்டு ஆர்டர் வரலன்னாதான் பேஜாரு. ஒண்ணு வந்தா போதும், நாளைக்கே வாங்கிடுவேன்.”

போனில், தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் எடுத்துப் போட்டிருந்த படங்களைத் தோழிக்குக் காட்டினாள். திரையில் அந்தப் பக்கத்தின் பெயர் என் கண்ணிலும் பட்டது.

பொன்னேரியில் அவள் போனுக்கு ஒரு செய்தி வந்தது. அதைப் படித்ததும் தோழியின் தொடையில் ஓங்கி அடித்தாள்.

“வளைகாப்பு ஆர்டர்டி! நாளைக்கு கடைக்குப் போறோம்!”

வளைகாப்பு என் அக்காவுக்கு. போனை மடியில் மறைத்துக்கொண்டு அந்தச் செய்தியை அனுப்பியவள் நான்.