ஆறாவது பாட்டுக்கு ஒரு பாராட்டு விழா

அவைக்குத் தலைமை தாங்கி, ஆளுயர மாலைக்குள்ளே அமர்ந்திருக்கும் எங்கள் ஊர்த் தலைவர் ராமசுப்பு ஐயா அவர்களே! அவர் சிரித்தால் சிரித்து, அவர் செருமினால் செருமும் முன்வரிசைப் பெரியோர்களே! வெயிலில் வெந்து, வேலையை விட்டு, திருச்சுழியிலிருந்தும் வீரசோழனிலிருந்தும் பஸ் ஏறி வந்த தாய்மார்களே! இந்த மேடைக்கு மைக் கட்டியவனும், அதே மைக்கில் பேச வாய்த்தவனுமான ரேடியோ செட் சங்கரலிங்கத்தின் வணக்கம்!

இன்று யாருக்கு விழா? நம்மூர் மாரீஸ்வரிக்கு விழா! கருவேலங்காட்டில் விறகு வெட்டி, மூட்டம் போட்டு, கரி எடுக்கும் மாரீஸ்வரி, தானே கட்டிய எட்டுப் பாட்டை மதுரை ஸ்டுடியோவில் பாடி, இந்த எண்பத்தொன்பதாம் ஆண்டில் 'கரிமூட்டக் கும்மி' என்று கேசட் போட்டிருக்கிறார்.

அடடா, அதற்குக் கிடைத்த வரவேற்பை என்னவென்று சொல்வேன்! "கரி அள்ளுறவளுக்கு ஸ்டுடியோ ஒரு கேடா?" என்று வாழ்த்தியது ஒரு வாய். "கொரலா அது? எண்ணெ போடாத வண்டி அச்சு" என்று மகிழ்ந்தது இன்னொரு வாய். கேட்டுவிட்டா சொன்னார்கள்? கேட்டுவிட்டுச் சொல்வது சாதாரண ரசிகனுக்கு அழகு. கேளாமலே சொல்வதல்லவா பெரிய மனிதருக்கு அழகு!

தலைவர் மட்டும் பெருந்தன்மையானவர். பேரனுக்குக் காதுகுத்து. "நம்ம ஊருப் பிள்ள பாடுனதப் போடுறா" என்று எனக்கு உத்தரவு. அவரும் அதைக் கேட்டதில்லை. போட்டேன். ஐந்து பாட்டு வரை ஆனந்தம். ஆறாவது வந்தது.

"உள்வாயெல்லாம் மல்லி வாசம் – எங்க
ஊரு வாயில உப்புத் தண்ணி
கண்மாயக் காணமுன்னு தேடிப் போனா
தலைவரு ஏரு அங்க ஓடுதடி!"

யாரம்மா அங்கே சிரிப்பது? சிரிக்காதீர்கள்! தண்ணீர் நிற்க வேண்டிய கண்மாய் உள்வாயில் தலைவர் கொத்தமல்லி விதைத்தது ஊர் நன்மைக்காக. தண்ணீர் நின்றால் கொசு வருமே!

பந்தியில் சம்பந்திகளின் கை இலையிலேயே நின்றது. விசேஷ வீட்டில் பாட்டைப் பாதியில் நிறுத்தினால் ஆகாது என்பது நம் சீமைச் சாஸ்திரம். நிறுத்தவும் முடியாது, கேட்கவும் முடியாது. தலைவர் யோசித்தார். யோசனை என்றால் அது யோசனை! "ஏலே சங்கரலிங்கம், கொழாய வெளிப்பக்கமாத் திருப்புறா!"

வேப்பமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயைத் திருப்பினேன். வெளியே என்ன இருந்தது? சந்தை! ஏழு ஊர்ச் சனம் கூடிய சந்தை! அதுவரை ஒரு பந்திக்குக் கேட்ட பாட்டு. அதற்குப் பிறகு கேட்காத காது உண்டா? பாடாத வாய் உண்டா? மாரீஸ்வரியை வளர்த்த வள்ளல் நம் தலைவரே! தட்டுங்கள் கையை!

அந்த வள்ளல்தான் இன்று 'கானக்குயில்' பட்டம் தருகிறார். கூடவே ஒரு காகிதத்தையும் என் கையில் தந்து படிக்கச் சொன்னார். படிக்கிறேன். "அடுத்த பதிப்பில் ஆறாவது பாட்டை நீக்க மாரீஸ்வரி மகிழ்ச்சியுடன் சம்மதிக்கிறார்." சம்மதிக்காவிட்டால்? அது காகிதத்தில் இல்லை. மூட்டம் போடும் கருவேலங்காடு தலைவருடையது. நாளை முதல் அங்கே மாரீஸ்வரி அரிவாள் வைக்க முடியாது. அவ்வளவுதான்! வீட்டு அடுப்பில் பூனை தூங்கும், கழுத்தில் பட்டம் தொங்கும்.

எனக்குக் கோபம் வருகிறது ஐயா. அடக்கிக்கொண்டுதான் பேசுகிறேன்.

காலையில் மைக் கட்டும்போது மாரீஸ்வரியிடமே கேட்டேன். "ஏந்தாயி, மகிழ்ச்சியாச் சம்மதிக்கிறியாமே?"

"எடுத்துருவோம்ணே" என்றார். ஆனால் அவர் பேச்சை முடிக்கவில்லை.

"மொதல்ல அவுக கண்மாய விட்டு ஏறட்டும். அவுக ஏறுன அன்னைக்கே பாட்ட எடுத்துருவோம்."

தலைவர் அவர்களே, சம்மதம் முழுவதையும் படித்துவிட்டேன். ஏறுகிறீர்களா? தண்ணீர் குடிக்கிறார். குடிக்கட்டும், குடிக்கட்டும்! அவருக்காவது கிடைக்கிறதே!

பதில் வரும்வரை சும்மா இருப்பானேன்? மாரீஸ்வரி, மைக்குக்கு வா தாயி! ஆறாவது பாட்டை முதலில் பாடு! தாய்மார்களே, நீங்களும் சேர்ந்து பாடுங்கள். பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், இந்தப் பாட்டுக்கு இத்தனை செய்த தலைவருக்கும் இந்த ரேடியோ செட்காரனின் நன்றி. எல்லோருக்கும் வணக்கம்!