பால் டின்னில் பன்னிரண்டு கல்

மூன்றாவது குண்டு விழுகிறது. இம்முறை அருகில். மூங்கில் தெறிக்கிறது. காலை ஆறு பத்து. பனிமூட்டம். எதிரில் ஆள் தெரியவில்லை.

"தலைய கவுத்துங்க! கவுத்துங்க!"

கத்துவது முத்தையா. கரையில் நின்று ராணுவத்தைச் சுட்டுத் தடுக்கிறான். எங்களிடம் இருந்தது அந்த ஒரு துப்பாக்கி. பர்மாவில் ராணுவ ஆட்சியை எதிர்த்துத் தெருவில் நின்றவர்கள் நாங்கள். எல்லை ஆற்றைக் கடந்து, அங்கிருந்து போராடப் போகிறோம்.

தெப்பத்தில் நான் ஒரு காலி பால் டின்னைப் பிடித்திருக்கிறேன். ஏறுகிறவர் ஆளுக்கொரு கல் போட வேண்டும். பனியில் தலை எண்ண முடியாது, சத்தத்தை எண்ணலாம்; பன்னிரண்டு கேட்டதும் தெப்பத்தைத் தள்ளிவிடுவார்கள். டக். டக். என்னுடையதோடு பதினொன்று.

துப்பாக்கிச் சத்தம் நின்றது. முத்தையா ஓடி வருகிறான் என்று அர்த்தம். நான்காவது குண்டு. என் கை தானாகக் கரைக்கு நீண்டு ஒரு கல்லை எடுத்தது.

டக்.

தெப்பம் நகர்ந்தது. நடு ஆற்றுக்கு வந்தபோது, விட்டு வந்த கரையிலிருந்து கேட்டது. "சார்." ஒரு முறை. பள்ளியில் என்னிடம் படித்தபோது முத்தையா கூப்பிட்ட அதே குரல்.

அக்கரையில் டின்னைக் கவிழ்த்தார்கள். கல் பன்னிரண்டு, ஆள் பதினொன்று. ஆற்றில் விழுந்திருப்பான் என்று முதலில் சொன்னவன் நான்.

போன ஞாயிறு திண்டுக்கல்லில், பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் கூடி அந்தப் போராளிகளுக்கு மரியாதை செய்தார்கள். உயிரோடு இருப்பவன் என்று மேடையில் நான் மட்டும். முத்தையாவின் அக்கா ராக்கம்மாள் வத்தலக்குண்டிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். பொன்னாடையை அவரே போட்டார்.

"எந்தம்பி போட்டதா நெனச்சுக்கங்க தம்பி."

துணி கழுத்தில் சுட்டது. அங்கேயே, அவர் காதில், கல்லைப் பற்றிச் சொன்னேன்.

அவர் சொன்னார்.

"ஆத்துல போயிட்டான்னு முப்பத்தாறு வருசமா நான் மீனு தொடல."

"அக்கா..."

"கூப்புட்டானா?"

"ஒரு தடவை."

"இம்புட்டு நாளும் ஒங்களுக்குச் சோறு எறங்குச்சாக்கும்."

பொன்னாடையை எடுத்து, நான்காக மடித்து, தன் பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

எண்ணி எழுதுகிறேன். கிளம்பியவர்கள் பன்னிரண்டு. கரை சேர்ந்தவர்கள் பதினொன்று. அக்கரையில் கிடைத்த ஆயுதத்தோடு திரும்பிப் போனவர்கள் ஏழு, ஒருவரும் வரவில்லை. மரியாதை அந்த ஏழு பேருக்கும் முத்தையாவுக்கும். போகாதவர்கள் நான்கு, மூவர் இறந்துவிட்டார்கள். நாடு இன்னும் ராணுவத்தின் கையில். துப்பாக்கி ஒன்று, அவனோடு.

டின் என்னிடம் இருக்கிறது. கல் பன்னிரண்டு. அதில் இரண்டு என்னுடையவை.